நாற்பதாவது மைல்

விமானம் இரண்டு முறை இறங்கப் பார்த்தது.
இரண்டு முறையும் மனம் மாறி
சீட்கா வரை போய் எரிபொருள் ஊற்றிக்கொண்டு வந்தது.
பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் திறக்காமலே
"ஜூனோ" என்றார்,
பெயரே காரணம் என்பதுபோல.

நான் வந்தது மருத்துவமனை ஸ்கேன் இயந்திரத்துக்காக.
ஒரு பலகை பழுது. நாலு மணி நேர வேலை.
முடித்துவிட்டுக் கேட்டேன்,
இங்கிருந்து அடுத்த ஊருக்கு எந்தச் சாலை?
கதிரியக்கப் பிரிவு டெல்ஃபின் அப்ரியா
கையுறையை உருவியபடி சிரித்தார்:
"பறந்து வரலாம், மிதந்து வரலாம்,
இல்லையென்றால் இங்கேயே பிறக்கலாம்."
வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற ஜோக்காம்.
அதற்குத் தண்டனையாகத் தன் வண்டிச் சாவியைக் கொடுத்தார்.

நாற்பது மைல்.
சட்டமன்றம், சிறை, மூன்று பீட்சா கடை,
கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிகள்,
பிறகு மரம், மரம், மழை.
கடைசியில் மஞ்சள் பலகை ஒன்று: முடிவு.
அவ்வளவுதான்.
அதற்கப்பால் தார் இல்லை,
பாசி ஏறிய ஸ்ப்ரூஸ் மட்டும்
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து,
ஈரத்தில், யாருக்கும் வழி விடாமல்.
ஒரு தலைநகரம் இப்படித் தன் எல்லையை
வெளிப்படையாக ஒத்துக்கொண்டு
நான் பார்த்ததில்லை.
வண்டியைத் திருப்ப ஏழு முறை முன்னும் பின்னும் போனேன்.
தூண்டில் போட்டிருந்தவர் ஏழையும் எண்ணியிருப்பார்.

தங்கியது வெர்னாவின் வீட்டு மேல் அறையில்.
ஆற்றங்கரைத் தெரு. வாசலை மறித்து
கம்பி வலைப் பெட்டிகளில் மண் நிரப்பிய சுவர்.
ஆகஸ்டில் மேலே மலைமடியில் தேங்கும் ஏரி
பனியாற்றின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு
ஒரே இரவில் இறங்கிவிடுமாம்.
கார் கொட்டகைக் கதவில் பென்சில் கோடுகள்,
பிள்ளைகளின் உயரம் குறிப்பதுபோல.
முதல் கோடு என் முழங்கால்.
இரண்டாவது, இடுப்புக்கு மேல்.
"வேகமாக வளர்கிறது" என்றாள்.

சூப்பர் மார்க்கெட் வாசலிலிருந்தே தெரிகிறது அது,
நீலமாய், அழுக்காய்,
வண்டிகளுக்கும் தள்ளுகூடைகளுக்கும் பின்னால்.
முட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள்
ஒரு கணம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
வணக்கமா, வேவா, தெரியவில்லை.

இரவு மீன் சூப் ஊற்றியபடி வெர்னா கேட்டாள்,
உன் பாஷையில் இதற்கு என்ன?
பனி, என்றேன்.
வானத்திலிருந்து விழுவது?
பனி.
விமானத்தை மறைப்பது?
மூடுபனி.
புல்லில் காலையில்?
அதுவும் பனிதான்.
கரண்டியைக் கீழே வைத்தாள்.
"பிறகு எது உங்களைக் கொல்லும் என்று
எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

க்ளிங்கிட்டில் பனியாறு 'சீத்' என்றாள்.
கடைசி ஒலி சிறு கட்டி உடைவதுபோல் தெறித்தது.
என் நாக்கு அதைத் தொட்டுத் தொட்டு நழுவியது.
எங்களிடமும் சீதம் உண்டு, குளிர் என்று அர்த்தம்,
ஆனால் அதைப் பேதிக்குக் கொடுத்துவிட்டோம் என்று
சொல்ல வந்தேன்.
சாப்பிடும் நேரம், விட்டுவிட்டேன்.

விடியும்போது மழை நின்றிருந்தது.
வெர்னாவிடம் விடைபெற்று, சாவியைத் தொட்டியடியில் வைத்து,
விமானத்தில் ஏறி, பெல்ட் மாட்டி,
ஓடுபாதையின் முனை வரை போனோம்.
அங்கே காத்திருந்தது அது,
வெள்ளையாய், அவசரமில்லாமல்.
விமானி மன்னிப்புக் கேட்டார்.
யாரும் முனகவில்லை.
எனக்கு முன்னால் இருந்த பெண்
பின்னலை விட்ட கண்ணியிலிருந்து தொடர்ந்தாள்.

டாக்சி அந்தத் தெருவில் திரும்பியபோது
வெர்னா மண்சுவரின் மேல் நின்று
கிழிந்த வலையைக் கம்பியால் தைத்துக்கொண்டிருந்தாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
"எந்தப் பனி?" என்றாள்.
நான் சரியாகச் சொன்னேன்.
தலையாட்டி,
கம்பியின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.